‘ஐ அக்ரீ’ அமத்த முதல்

திருகோணமலையில என்ர வயசுக்காரர் வளர்ந்த காலத்தில சொஃப்ட்வெயார் எண்டது காசு குடுத்து வாங்குற சாமான் இல்லை. கொம்பியூட்டர் திருத்துற கடையில மெஷினைக் குடுத்தால் விண்டோஸ், ஓஃபிஸ், போட்டோஷொப், பாமினி எழுத்துரு எல்லாத்தையும் சேர்த்துப் ‘போட்டு’த் தருவாங்க. வாங்குற காசு போட்ட கூலிக்குத்தான், போட்ட சாமானுக்கு இல்லை. லைசன்ஸ் எண்டு ஆராவது சொன்னால் எங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

இப்ப நிலைமை வேற. பாலையூற்றில இருக்கிற சின்ன டியூட்டரிகூட ஏதோ ஒரு சொஃப்ட்வெயாருக்கு மாசாமாசம் காசு கட்டுது. டிசைன் வேலை செய்யிற கூட்டாளிமார் டொலரில கட்டுறாங்க. காசு குடுக்கப் பழகிட்டம். குடுத்த காசுக்கு என்ன கிடைச்சது எண்டு வாசிக்கத்தான் இன்னும் பழகேல்ல. நான் சட்டமோ கொம்பியூட்டரோ படிக்கிற ஆள் இல்லை, கலைப்பீடத்து மாணவி. ஆனா ஒப்பந்தமும் ஒரு பிரதிதானே. ஒரு பிரதியை வரிவரியா வாசிக்கிறதுதானே எங்களுக்குச் சொல்லித் தாற வேலை.

முதல்ல ஒரு சொல்லைச் சரியாக்குவம். ‘சொஃப்ட்வெயார் வாங்கினன்’ எண்டு சொல்றம். உண்மையில நாங்க வாங்குறது பெரும்பாலும் அதைப் பாவிக்கிற அனுமதியை மட்டும்தான். சொந்தத்துக்கும் பாவனைக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் திருகோணமலைக்காரருக்குப் புதுசில்லை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுங்க. 2003ல 35 வருசக் குத்தகை எண்டு தொடங்கின கதை, எத்தனையோ இழுபறிக்குப் பிறகு 2022 ஜனவரியில திரும்ப எழுதப்பட்டது. 99 தாங்கியில 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற கம்பனிக்கு, காலம் 50 வருசம். இதைப் பற்றிச் சந்தியில தேத்தண்ணி குடிக்கிற ஐயாமார் கேக்கிற கேள்வியளைக் கவனிச்சிருக்கிறீங்களா? “ஆற்ற சொத்து? எத்தினை வருசம்? வாடகை எவ்வளவு? முடிஞ்சால் என்ன நடக்கும்?” சொஃப்ட்வெயார் உரிம ஒப்பந்தத்திட்டக் கேக்க வேண்டியதும் இதே நாலு கேள்விதான். தாங்கி கண்ணுக்குத் தெரியுது, அதனால கேக்கிறம். சொஃப்ட்வெயார் தெரியேல்ல, அதனால ‘ஐ அக்ரீ’ எண்டு அமத்திட்டுப் போறம்.

அனுமதி எண்டால் அதைத் திருப்பி எடுக்கவும் ஏலும். 2009 ஜூலையில அமேசன் கம்பனி, காசு கட்டி வாங்கின ஆக்களின்ர கிண்டில் கருவியளில இருந்து ஜோர்ஜ் ஓர்வெல்லின்ர ரெண்டு நாவல்களைத் தூரத்தில இருந்தே அழிச்சது. விற்றவருக்கு விற்கிற உரிமை இருக்கேல்ல எண்டது காரணம். காசைத் திருப்பிக் குடுத்தாங்கள், பிறகு மன்னிப்பும் கேட்டாங்கள். ஆனா அலுமாரிக்குள்ள இருக்கிற புத்தகத்தை ஆரும் வந்து அப்படி எடுத்துக்கொண்டு போகேலாது. இப்ப கலிபோர்னியாவில 2025 ஜனவரி 1ல இருந்து ஒரு சட்டம் இருக்கு: டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்குங்கள்’ எண்டு பொத்தான் போடுறதெண்டால், இது உரிமம் மட்டும்தான் எண்டதையும் தெளிவாச் சொல்ல வேணும். ஒரு சொல்லைப் பற்றித்தான் அந்தச் சட்டமே.

இனி எங்கட வீட்டுக் கதை. என்ர சித்தி பாலையூற்றில ஒரு டியூட்டரி நடத்துறா. ஓ.எல்., ஏ.எல். ரெண்டும் இருக்கு. பிள்ளையளின்ர வரவு, கட்டின காசு, பரீட்சைப் புள்ளி, தாய் தகப்பனுக்குப் போற எஸ்எம்எஸ் எல்லாத்துக்கும் 2019ல ஒரு கம்பனியிட்ட ஒன்லைன் சொஃப்ட்வெயார் எடுத்தவ. விலை மாசம் 15 டொலர், கட்டுறது ரூபாயில, அண்டைய நாணய மாற்று விலைப்படி. எடுத்த காலத்தில அது மூவாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. 2022 மார்ச்சில டொலர் 200ல இருந்து ஏறத் தொடங்கி மே மாசத்தில 360ஐ எட்டினது உங்களுக்கும் மறந்திருக்காது. அதே 15 டொலர் 5400 ரூபா ஆச்சு. அந்த நேரம் டீசல் இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் பூட்டு. பிள்ளையள் வராத வகுப்பின்ர வரவைப் பதியிற சொஃப்ட்வெயாருக்குச் சித்தி முன்னையதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கட்டினா.

ரெண்டு வருசம் கழிச்சுப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, 11 பக்க ஒப்பந்தத்தை என்ர கையில தந்தா. “கெம்பஸில படிக்கிறாய்தானே மகள், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. நான் கடைசிப் பக்கம்தான் பாத்தனான். அதிலதான் கையெழுத்து வைக்கிற இடம் இருந்தது.”

முழுக்க ஆங்கிலம். ரெண்டு இரவு எடுத்தது. சித்தி கேட்டது பொழிப்புரை, ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது நாலு இடம்தான்.

ஒண்டு, தானாப் புதுப்பிக்கிற வரி. முடியிறதுக்கு 60 நாளுக்கு முதல் எழுத்தில அறிவிக்காட்டி, இன்னொரு வருசத்துக்கு நீங்க கட்டுப்பட்டவர். அதாவது ஒப்பந்தம் முடியிற திகதியை மட்டும் தெரிஞ்சு வேலை இல்லை. அதுக்கு ரெண்டு மாசம் முந்தி ஒரு திகதி இருக்கு, உண்மையான கதவு அதுதான்.

ரெண்டு, ‘பயனர்’ எண்ட சொல். மூண்டு பேருக்கு அனுமதி, அதுவும் பேர் குறிப்பிட்ட மூண்டு பேருக்கு. டியூட்டரியில எட்டு ஆசிரியர்மார் ஒரே கடவுச்சொல்லால உள்ள போறாங்க. ஒப்பந்தத்தின்படி கம்பனி எப்ப வேணுமெண்டாலும் கணக்குப் பாத்து மிச்சம் ஐஞ்சு பேருக்கும் காசு கேக்கலாம்.

மூண்டு, விலை. ‘தன்ர விருப்பப்படி’ மாத்தலாம் எண்டு கம்பனிக்கு உரிமை. மேல எல்லை எதுவும் இல்லை.

நாலு, முடிவு. ஒப்பந்தம் முடிஞ்சு 30 நாளில தரவு அழிக்கப்படும். அதை எங்களுக்குத் தருவாங்களா, எந்த வடிவத்தில தருவாங்க எண்டு ஒரு வரிகூட இல்லை. ஐஞ்சு வருசப் பிள்ளையளின்ர புள்ளி, காசுக் கணக்கு, போன் நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

பயனர் எண்ட சொல்லைச் சின்ன விசயம் எண்டு நினைக்கிறாக்களுக்கு ஒரு வழக்குச் சொல்றன். ஜொனி வோக்கர் விஸ்கி செய்யிற டியாஜியோ கம்பனிக்கு எதிராச் சொஃப்ட்வெயார் கம்பனியான எஸ்ஏபி இங்கிலாந்தில போட்ட வழக்கு. டியாஜியோ தன்ர வாடிக்கையாளர் ஓடர் குடுக்கிறதுக்கு வேற ஒரு கம்பனியின்ர தளத்தில அப் ஒண்டு செய்தது. அந்த அப் பின்னால எஸ்ஏபியோட பேசினது. “அப்ப ஓடர் குடுக்கிற ஒவ்வொரு ஆளும் எங்கட பயனர்தான்” எண்டு எஸ்ஏபி 54 மில்லியன் பவுணுக்கு மேல கேட்டது. 2017 பெப்ரவரியில நீதிமன்றம், காசு கட்டத்தான் வேணும் எண்டு எஸ்ஏபியின்ர பக்கம் தீர்ப்புச் சொன்னது, தொகையைப் பிறகு பாக்கிறதெண்டு. ஒப்பந்தத்தை வாசிக்கிறதுக்கெண்டே வக்கீல்மார் வைச்சிருக்கிற கம்பனிக்கே இந்த நிலை. இதைச் சித்திக்குச் சொன்னபோது அவ கேட்டது ஒரே கேள்வி: “அப்ப எங்கட எட்டுப் பேரையும் எழுத்தில போடச் சொல்லேலாதா?”

ஏலும். அதுதான் பேரம். கச்சேரியடிச் சந்தையில மீனுக்குப் பேரம் பேசுற சித்தி, அச்சடிச்ச தாளில விலை வந்தவுடன பேரம் பேசக்கூடாது எண்டு நினைச்சிருந்தா. எங்கட சனம் கனபேர் அப்படித்தான். அச்சடிச்சது அரசாங்கக் கடதாசி மாதிரித் தெரியும்.

பேசுறதுக்கு முதல் நாங்க செய்தது மூண்டு வேலை. முதலாவது, உண்மையில என்ன பாவிக்கிறம் எண்டு எண்ணினம். சொஃப்ட்வெயாரில ஆறு பகுதி இருக்கு. சித்தி தொட்டது வரவும் காசும் எண்ட ரெண்டு மட்டும். மிச்சம் நாலுக்கும் சும்மா கட்டிக்கொண்டு இருந்தவ. ரெண்டாவது, வேற ரெண்டு இடத்தில விலை கேட்டு எழுத்தில எடுத்தம். மூண்டாவது, இந்தக் கம்பனி இல்லாட்டி என்ன செய்வம் எண்டு செய்து பாத்தம். காசில்லாமல் கிடைக்கிற லிப்ரே ஓஃபிஸில ஒரு மாச வரவை நானும் சித்தியின்ர மகனும் பதிஞ்சம். கரைச்சல்தான், ஆனா ஏலாத வேலை இல்லை. அந்த ஒரு மாசம்தான் சித்திக்குக் கதைக்கிற தைரியத்தைக் குடுத்தது.

விட்டிட்டுப் போக வழி இருக்கிற ஆளிட்டத்தான் விற்கிறவர் இறங்கி வருவார். ஜேர்மனியில மியூனிக் நகரசபை 2003ல தன்ர ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்களை விண்டோஸில இருந்து லினக்ஸுக்கு மாத்தப் போறன் எண்டு சொன்னபோது, மைக்ரோசொஃப்டின்ர தலைவர் ஸ்டீவ் போல்மர் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில விட்டிட்டு மேயரைப் பாக்கப் போனார், விலையையும் குறைச்சார். நகரசபை மாறித்தான் போனது. ஆனா 2017ல திரும்ப விண்டோஸுக்கு வாறதெண்டு முடிவெடுத்தது. மாறுறது சுகம் எண்டு நான் சொல்ல வரேல்ல. மாறுற செலவையும் கணக்குப் பாத்து வைச்சிருக்கிற ஆளின்ர வாய்க்குத்தான் மதிப்பு.

கொழும்பில இருந்து போனில கதைச்ச தம்பி நல்ல பிள்ளை. மரியாதையாத்தான் சொன்னார்: “மிஸ், இது ஸ்டாண்டர்ட் எக்ரிமன்ட். எல்லாரும் இதைத்தான் சைன் பண்றாங்க.” சித்தி சொன்னா: “எல்லாருக்கும் ஒரே சைசில சட்டை தைக்கிறேல்லத்தானே தம்பி. நீங்க மேல கேட்டுச் சொல்லுங்கோ.”

மேல கேட்டு வந்தது இதுதான். விலை ரூபாயில, ஒரு வருசத்துக்கு மாறாது. பாவிக்காத நாலு பகுதியும் கழிஞ்சது. எட்டு ஆசிரியர்மாரும் வரவு பதியலாம், காசுப் பக்கம் மூண்டு பேருக்கு மட்டும். 60 நாள் 30 ஆச்சு. ரெண்டு வருசக் காசை முன்கூட்டிக் கட்டினால் இன்னும் குறைப்பம் எண்டாங்க. சித்தி மாட்டன் எண்டிட்டா. கம்பனி இடையில மூடினால் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? தரவைப் பற்றித்தான் கனநேரம் இழுபட்டது. முதல்ல ‘அப்படி வசதி இல்லை’, பிறகு ‘பாப்பம்’, கடைசியில ஒவ்வொரு தவணை முடிவிலயும் பாவிக்கக்கூடிய வடிவத்தில ஒரு எக்ஸெல் கோப்பு, விட்டிட்டுப் போனாலும் 90 நாள் வரைக்கும் தருவம் எண்டு சம்மதிச்சாங்க.

இதெல்லாம் போனில. அங்கதான் எனக்கு ஒப்பந்தத்தின்ர கடைசிக்கு முந்தின பக்கம் ஞாபகம் வந்தது. ‘இந்தக் கடதாசியில இருக்கிறது மட்டுமே முழு ஒப்பந்தம், வாயால சொன்ன எதுவும் செல்லாது’ எண்ட கருத்தில ஒரு பந்தி இருந்தது. அனேகமா எல்லா உரிம ஒப்பந்தத்திலயும் இந்தப் பந்தி இருக்கும். விற்க வாற ஆள் எவ்வளவு நல்லவராயும் இருக்கட்டும், அவர் சொன்னதுக்கு இந்தப் பந்திக்கு முன்னால பெறுமதி இல்லை. அதனால ஒவ்வொண்டையும் ஒரு பக்கத்தில எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சு, ஒப்பந்தத்தோட இணைச்சம்.

கையெழுத்தோட வேலை முடியேல்ல. உண்மையைச் சொன்னால் கனபேர் காசை விடுறது கையெழுத்துக்குப் பிறகுதான். சித்திக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போட்டுக் குடுத்தன். ஒவ்வொரு சொஃப்ட்வெயாருக்கும் ஒரு பக்கம். ஆரிட்ட எடுத்தது, எத்தனை பேருக்கு, எவ்வளவு, முடியிற நாள், அதுக்கு முந்தி அறிவிக்க வேண்டிய நாள், கணக்கு எந்த ஈமெயிலில இருக்கு, அந்த ஈமெயில் ஆருடையது. கடைசிக் கேள்வியை விடாதீங்க. வேலையை விட்டுப் போன ஆசிரியர் ஒருவரின்ர சொந்த ஈமெயிலில டியூட்டரியின்ர ஒரு கணக்கு இருந்ததை அந்தக் கொப்பி எழுதும்போதுதான் கண்டுபிடிச்சம். கொப்பியில இன்னொரு திகதியும் இருக்கு: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. உரிமம் செத்துப் போகேல்ல, மெஷின் வேலை செய்யும். ஆனா பாதுகாப்புத் திருத்தங்கள் தானா வராது. உரிமத்துக்கு ஒரு ஆயுள், ஆதரவுக்கு வேற ஆயுள்.

டிசைன் செய்யிற கூட்டாளிமாருக்கும் ரெண்டு வார்த்தை. ‘மாசம் இவ்வளவு’ எண்டு போட்டிருந்தால் அது மாச ஒப்பந்தமா, இல்லாட்டி வருச ஒப்பந்தத்தை மாசம் மாசமாக் கட்டுறதா எண்டு பாருங்க. அடோபியில ரெண்டாவது வகையை எடுத்திட்டு 14 நாளுக்குப் பிறகு விட்டால், மிச்ச மாசங்களின்ர காசில பாதியைக் கேட்ட நடைமுறையை எதிர்த்து அமெரிக்க அரசு 2024 ஜூனில வழக்குப் போட்டது. அந்த நிபந்தனையைத் தெளிவாச் சொல்லாமல் மறைச்சாங்க எண்டதுதான் குற்றச்சாட்டு. மற்றது, மாணவர் உரிமம். அது அனேகமாப் படிக்கிறதுக்கு மட்டும்தான். அதில கல்யாணக் கார்ட் செய்து காசு வாங்கினால் நிபந்தனைக்கு வெளியில போயிட்டீங்க. கெம்பஸ் ஈமெயிலில கிடைச்சதெல்லாம் பட்டமளிப்போட போகலாம், அதுக்கு முதல் கோப்புகளை வெளியில எடுங்க.

“இவ்வளவு கரைச்சல் எதுக்கு, பழையபடி கிராக் போட்டால் முடிஞ்சுதானே” எண்டு கேக்கிறாக்கள் இருக்கிறாங்க. வீட்டில விளையாடுற பிள்ளையும் காசு உழைக்கிற கடையும் சட்டத்தின்ர கண்ணில ஒண்டில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, களவுப் பிரதி எண்டு தெரிஞ்சும் ஒரு கணினி நிரலை வர்த்தக லாபத்துக்குப் பாவிச்சால் 6 மாசம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ரெண்டும். அதைவிட, கிராக் போட்டவருக்குப் பேரம் பேச வாய் இல்லை. ஒண்டும் பழுதானால் ஆரிட்டயும் போய் நிக்கேலாது.

களவுக்கும் காசுக்கும் நடுவில மூண்டாவது வழியும் இருக்கு. அதுக்கும் எங்கட கரைக்கும் தொடர்பு இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவரையும் முகாம்களையும் உதவிப் பொருளையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் கொஞ்ச நாளுக்குள்ளயே எழுதின சொஃப்ட்வெயார்தான் ‘சஹானா’. அதைத் திறந்த உரிமத்தில விட்டாங்க. அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில அதைப் பாவிச்சாங்க, 2010ல ஹெய்ட்டியிலயும். ஆரும் ஆரிட்டயும் விலை பேச வேண்டி இருக்கேல்ல. ஆனா திறந்த உரிமமும் உரிமம்தான். அதிலயும் நிபந்தனை இருக்கு, அதையும் வாசிக்க வேணும். வித்தியாசம் என்னெண்டால், அது போக விடும். எடுத்துக்கொண்டு போகவும் விடும்.

சித்தியின்ர டியூட்டரிக்கு முதலாம் தவணை எக்ஸெல் கோப்பு சொன்ன நாளில வந்தது. திறந்து பாத்தால், ஆங்கிலத்தில பதிஞ்ச பேர்களும் நம்பர்களும் சரியா இருக்கு. தமிழில பதிஞ்ச அத்தனை பேரும் கேள்விக்குறி. ஒரு பிள்ளைக்கு ஆறு கேள்விக்குறி, இன்னொரு பிள்ளைக்கு ஒன்பது. கம்பனிக்கு எழுதினால், “டேட்டா எல்லாம் வந்திட்டுதானே, நேம்ஸ் மட்டும்தான் ஃபொன்ட் பிரச்சினை” எண்டு பதில். பேரில்லாத புள்ளிப் பட்டியலை வைச்சு என்ன செய்யிறது? இணைப்பில ‘பாவிக்கக்கூடிய வடிவம்’ எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கு எண்டு அந்த வரியைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினம். பத்து நாளில தமிழ்ப் பேர்களோட திருத்தின கோப்பு வந்தது.

அடுத்த புதுப்பித்தலுக்கு எழுத வேண்டிய வரியைச் சித்தி இப்பவே கொப்பியில குறிச்சு வைச்சிருக்கிறா: தமிழில பதிஞ்சது தமிழிலயே, யூனிகோட்டில திரும்பி வர வேணும். இப்படி ஒரு வரியைக் கொழும்பில ஆங்கிலத்தில மாதிரி ஒப்பந்தம் எழுதுறவரும் கலிபோர்னியாவில எழுதுறவரும் எங்களுக்காகச் சேர்க்கப் போறதில்லை. அவங்களுக்கு அது தேவைப்படேல்ல. தேவைப்படுற ஆள்தான் எழுத வேணும். அதை எழுதுறதுக்கு 30 நாளுக்கு முந்தி ஒரு திகதி இருக்கு. சித்தியின்ர கொப்பியில அந்தத் திகதி சிவப்புப் பேனையில இருக்கு.